இரவில் ஊறும் ஓட்ஸ்: வேலூர் வெயிலுக்கு ஏற்ற குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முந்தின இரவே ஓட்ஸைப் பாலில் ஊறவைத்து, மறுநாள் காலையில் பழத்துண்டுகளுடன் உண்ணும் சிற்றுண்டி பற்றிய குறிப்பு ஒன்று தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியாகியிருந்தது. அடுப்பைப் பற்றவைக்காமலேயே ஒரு வேளை உணவு ஆயத்தமாகிவிடும் என்பதால், பொழுது புலரும் முன்பே வீட்டைவிட்டுப் புறப்படுவோர் நிறைந்த எங்கள் பகுதிக்கு அது பெரிதும் பயன்படக்கூடியது. எனினும், எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவையில் சேர்த்து மூடி இரவு முழுவதும் வைத்துவிடலாம் என்பதோடு அக்குறிப்பு நின்றுவிட்டது. குடுவையை எங்கே வைப்பது, எந்த வகை ஓட்ஸை வாங்குவது, பழத்தை எப்போது சேர்ப்பது என்ற மூன்றும் அதில் இல்லை. குளிர்நாட்டு அடுக்களைக்கு இவை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வேலூரில் இவை மூன்றும்தான் குறிப்பே. காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில் எங்கே வைப்பது என்பது. கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதைத் தங்கள் நாளிதழே ஆண்டுதோறும் முதல் பக்கத்தில் வெளியிடுகிறது. அந்நாட்களில் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. மொட்டை மாடியின் சூடு இறங்கும் வீடுகளில் அடுக்களை அதைவிடவும் புழுங்கும். உணவில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி வரை என்பது உணவுப் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரப்படும் முதல் பாடம். பால் கலந்த ஓட்ஸை இரவு 10 மணிக்கு மேடையில் வைத்துக் காலை 6 மணிக்கு எடுத்தால், அது அந்த வரம்புக்குள் எட்டு மணி நேரம் இருந்திருக்கிறது. சமைத்த உணவையும் பால் பொருள்களையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பதே பொது விதி. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஆகவே, கலந்த உடனே குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதுவும் அடிக்கடி திறந்து மூடப்படும் கதவுத் தட்டில் வைக்காமல், உள்ளே பின்பக்கமாக, 4 டிகிரி அல்லது அதற்குக் குறைவான குளிர் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி அதனுள் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பானை நீர் தொண்டைக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் நம் ஊர்க் கோடையில் அது 5 டிகிரிக்கு அருகில்கூட வராது.

இந்த இடத்தில் எங்கள் பகுதி வாசகர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்புவார்கள். பழைய சோற்றுக்கு இரவில் தண்ணீர் ஊற்றி வெளியில்தானே வைக்கிறோம், ஆடி மாதக் கூழுக்குக் கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிடுகிறோம், அவற்றால் ஒன்றும் நேர்வதில்லையே என்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய சோற்றிலும் கூழிலும் நாம் விரும்புவதே புளிப்பை. லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே முந்திக்கொண்டு பெருகி, அமிலத்தைக் கூட்டி, கேடு விளைவிக்கும் மற்றவை தழைக்க முடியாதபடி செய்துவிடுகின்றன. கூழுக்குக் கரைத்த மாவு மறுநாள் நொய்யோடு சேர்ந்து நன்றாகக் கொதிக்கவும் செய்கிறது. இனிப்புச் சுவையோடு உண்ண வேண்டும் என்று பாலில் ஊறவைக்கும் ஓட்ஸில் அந்தப் புளிப்பும் இல்லை, பிறகு கொதிக்க வைப்பதும் இல்லை. தானியங்களில் இயல்பாகவே இருக்கக்கூடிய பாசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் ஆவியில் வேகவைத்தாலும் அழியாதவை. ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு ஒருமுறை உருவாகிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே பழைய சோற்றின் துணிவை இதற்கு நீட்டிக்க வேண்டாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இம்முறையை முயலவே வேண்டாம் என்று அச்சில் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் முறை. அத்தகைய வீட்டில், காலையில் கொதிக்கும் பாலிலோ நீரிலோ ஓட்ஸைப் போட்டு ஐந்து நிமிடம் கிளறினால் அதே பயனுள்ள கஞ்சி கிடைத்துவிடுகிறது. மிச்சப்படும் நேரத்தில் பெரிய வேறுபாடும் இல்லை.

மின்தடையைப் பற்றியும் ஒரு சொல். குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உள்ளே குளிர் தங்கும். கோடை மழையின்போது இரவில் போன மின்சாரம் விடியும்வரை வரவில்லையென்றால், மணமும் சுவையும் நன்றாகவே இருந்தாலும் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த என் தலைமுறைக்கு இது மனம் ஒப்பாத அறிவுரை என்பதை அறிவேன்.

அடுத்து, எந்த ஓட்ஸ் என்பது. நெல்லை அவித்துத் தட்டி அவலாக்குவதுபோல, மேல் உமி நீக்கிய ஓட்ஸை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே தட்டையாக்கியதுதான் நாம் வாங்கும் ஓட்ஸ். ஆவியில் ஏற்கெனவே வெந்திருப்பதால்தான் அதை அடுப்பில் ஏற்றாமல் ஊறவைத்தே உண்ண முடிகிறது. சற்றுத் தடிமனாகத் தட்டிய வகை ஊறிய பின்னும் மெல்லுவதற்குப் பதமாக இருக்கும். நம் மளிகைக் கடைகளில் அதிகம் கிடைக்கும், மெல்லியதாகத் தட்டிய, விரைவில் வேகும் வகையையும் பயன்படுத்தலாம். ஆனால் பாலைச் சற்றுக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் குழைந்த கூழாகிவிடும். தட்டையாக்காமல் எஃகுக் கத்தியால் நறுக்கிய, நொய் போன்ற வகை இதற்கு ஏற்றதன்று. இரவு முழுவதும் ஊறினாலும் பல்லுக்குக் கடினமாகவே இருக்கும். மசாலா சேர்த்துப் பொட்டலமாக வரும் ஓட்ஸில் உப்பு இருக்கிறது, பழச்சுவையில் வருவதில் சர்க்கரை இருக்கிறது. இரண்டையும் தவிர்த்து, பொருள்கள் பட்டியலில் ஓட்ஸ் என்ற ஒன்று மட்டும் உள்ள பொட்டலத்தை வாங்க வேண்டும்.

அளவு எளியது. ஒருவருக்கு 40 கிராம் ஓட்ஸ், அதாவது சமையல் அளவுக் கோப்பையில் ஏறத்தாழ அரைக் கோப்பை. காய்ச்சி நன்றாக ஆறவைத்த பால் 120 மில்லி. புளிக்காத கெட்டித் தயிர் நான்கு மேசைக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. விரும்பினால் ஏலக்காய்ப் பொடி. பாலைச் சூட்டோடு ஊற்றினால் ஓட்ஸ் உடனே குழைவதோடு, குளிர்பெட்டியின் குளிரும் கெடும். தயிர் சேர்ப்பதை நான் வற்புறுத்துவதற்குச் சுவை மட்டும் காரணமன்று. அதன் அமிலத்தன்மை சிறிதளவு பாதுகாப்பையும் தருகிறது. ஓட்ஸும் வழுவழுப்பின்றிப் பதமாக ஊறுகிறது. இரவு ஒன்பது மணிக்கு வைத்தால் காலை ஐந்து மணிக்கு நன்றாக ஊறியிருக்கும். நான்கு மணி நேரமே போதும் என்பதால், பிந்திப் படுப்பவர்கள் படுக்கும் முன்பு கலந்து வைத்தாலும் குறையில்லை. பழம் சேர்க்காத இந்தக் கலவையை இரண்டு நாள் வரை குளிரில் வைத்திருக்கலாம். ஞாயிறு இரவில் ஒரு வாரத்துக்கும் சேர்த்துச் செய்துவைப்பது நம் ஊருக்கு ஒத்துவராது. கண்ணாடிக் குடுவை படத்துக்கு அழகு. மூடியுள்ள எவர்சில்வர் டப்பா அதே வேலையைச் செய்யும், கைதவறி விழுந்தாலும் உடையாது. தயிர் சேர்வதால் அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம்.

மூன்றாவதாக வருவது பழம். இதுவே இந்தச் சிற்றுண்டியின் உயிர் என்பதால் சற்று நீட்டி எழுதுகிறேன். தானியத்தை இரவில் ஊறவைத்துப் பழத்தோடு உண்ணும் இம்முறையைப் பரப்பியவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் மருத்துவமனை நடத்திய மாக்சிமிலியான் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தம் நோயாளிகளுக்கு அவர் கொடுத்த உணவில், ஒரு பெரிய ஆப்பிளைத் தோலோடு துருவி, அதனுடன் ஒரே ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸும், எலுமிச்சைச் சாறும், இனிப்புக் கெட்டிப்பாலும், பொடித்த பாதாம் போன்ற கொட்டைப்பருப்பும் கலந்திருந்தன. ஓட்ஸ் ஊறியது பாலில் அன்று, நீரில். அவருடைய நோக்கம் பழத்தை உண்ணச் செய்வது. ஓட்ஸ் அதற்குத் துணை. இன்றைய குறிப்புகளில் இது தலைகீழாகி, ஓட்ஸ் குவியலின்மேல் நான்கு பழத்துண்டுகள் ஒப்பனையாக நிற்கின்றன. போதாக்குறைக்குத் தேனும் ஊற்றப்படுகிறது. குறைந்தது 100 கிராம் பழமாவது இருந்தால்தான் இதைப் பழச் சிற்றுண்டி என்று சொல்லலாம்.

அந்தப் பழத்தைக் காலையில்தான் நறுக்க வேண்டும். வாழைப்பழமும் ஆப்பிளும் நறுக்கியவுடன் காற்றுப் பட்டுக் கறுத்துப்போகும். கெடுதல் இல்லையென்றாலும் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. இவற்றை இரவே பாலில் போட்டால் பால் திரிந்து கசப்பேறிவிடும். நன்கு பழுத்த பப்பாளியில் அந்த நொதி குறைவு என்றாலும் ஓர் இரவு அதற்குப் போதும். தர்பூசணியும் முலாம்பழமும் நீர் விட்டுக் கலவையைத் தண்ணீராக்கிவிடும். இரவே சேர்க்கக்கூடியவை உலர்திராட்சை, உலர் அத்தி, நறுக்கிய பேரீச்சை ஆகியவைதாம். அவை ஊறி உப்பி, தம் இனிப்பைப் பாலுக்கும் கொடுப்பதால் சர்க்கரை சேர்க்க வேண்டிய தேவையே எழாது. கடைவீதியில் நறுக்கி அடுக்கி விற்கும் பழத்தை மாலையில் வாங்கிவந்து காலைக்கு எடுத்துவைப்பதைப் போன்ற வினையைத் தேடிக்கொள்ளும் செயல் வேறில்லை.

படங்களில் காணும் ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி ஆகியவற்றை வேலூரில் தேடி அலைய வேண்டியதில்லை. கோடையில் குடியாத்தம் பக்கத்திலிருந்தும் எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மாம்பழம் வந்து குவிகிறது. அது போனதும் நாவற்பழம். கொட்டையை நீக்கித் தயிர் மிகுதியாகச் சேர்த்த ஓட்ஸில் கலந்தால் அதன் துவர்ப்பு மிகவும் எடுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் மலைப்பகுதிகளிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சீத்தாப்பழத்தின் சதையை விதை நீக்கிக் கலந்தால் வேறு எந்த இனிப்பும் வேண்டாம். விதை எடுக்கும் பொறுமை மட்டும் வேண்டும், அதனால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது நல்லது. கொய்யா, மாதுளை, சப்போட்டா, ஏலக்கி வாழை ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியும் நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்கின்றன. பாதாமும் முந்திரியும் விலை கூடியவை. இது நிலக்கடலை விளையும் மண். வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த ஒரு பிடி வேர்க்கடலையை உண்ணும் நேரத்தில் தூவினால் மொறுமொறுப்பும் கிடைக்கும், பால், தயிர், ஓட்ஸோடு சேர்ந்து ஏறத்தாழ 15 கிராம் புரதமும் கிடைக்கும். சியா விதைக்குப் பதில், கோடையில் சர்பத்துக்காக வாங்கிவைக்கும் சப்ஜா விதையைச் சேர்க்கலாம். அது தனி நீரில் சில நிமிடங்களிலேயே உப்பிவிடும் என்பதால் காலையில் ஊறவைத்தாலும் போதும்.

இதன் நன்மைகளைப் பற்றி உலவும் கூற்றுகளிலும் கொஞ்சம் அளவு வேண்டும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்து, நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் தொடர்ந்து கிடைத்தால் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது என்பது உறுதிப்பட்ட செய்தி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் இதைப் பொட்டலங்களில் அச்சிடவும் இசைவு தந்தது. ஆனால் 40 கிராம் ஓட்ஸில் அந்த 3 கிராமில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும். ஆகையால் வாரத்தில் இரண்டு நாள் ஒரு டப்பா உண்டுவிட்டு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது அறிவுடைமையன்று. இரவில் ஊறுவதால் தொப்பை கரையும் என்பதற்கும் எந்த அடிப்படையும் இல்லை. ஊறிய ஓட்ஸுக்கும் கொதித்த ஓட்ஸுக்கும் எரிசக்தி ஒன்றுதான். நீரிழிவு உள்ளவர்கள் தடிமனாகத் தட்டிய வகையையே தேர்ந்து, தேன், வெல்லம், பேரீச்சை ஆகியவற்றைத் தவிர்த்து, கொய்யா போன்ற பழத்தை அளவோடு சேர்ப்பது நல்லது. 100 கிராம் மாம்பழத்தில் இயல்பாகவே சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொட்டாசியக் கட்டுப்பாடு இருக்கக்கூடும் என்பதால், எந்தப் பழம், எவ்வளவு என்பதை அவர்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்த வடிவிலும் தேன் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் யாருக்காக என்றால், ஏலகிரி விரைவு வண்டியைப் பிடிக்க அதிகாலையிலேயே காட்பாடி நிலையத்துக்கு ஓடுவோருக்காகவும், ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளின் வண்டி தெருமுனைக்கு வந்துவிடுமே என்ற பதற்றத்தில் ஒன்றும் உண்ணாமல் புறப்படும் பெண்களுக்காகவும்தான். வீட்டாருக்கெல்லாம் இட்லி ஊற்றி, மதியத்துக்கும் கட்டிக்கொடுத்துவிட்டு, தாம் மட்டும் ஒரு குவளைத் தேநீரோடு வண்டி ஏறும் அவர்களுக்கு, இரவில் ஐந்து நிமிடம் செலவிட்டால் காலையில் கரண்டியெடுத்து உண்ணக் காத்திருக்கும் ஒரு டப்பா உண்மையாகவே உதவும். இயன்றவரை வீட்டிலேயே உண்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. பையில் எடுத்துச் செல்வோர், காட்பாடியில் ஏறினால் அரக்கோணம் வருவதற்குள் உண்டுவிட வேண்டும். அலுவலகம் போய்ப் பத்து மணிக்கு உண்ணலாம் என்று வைத்திருந்தால், இரவெல்லாம் குளிரில் காத்த பயன் போய்விடும். காலையில் கேழ்வரகுக் கூழோ களியோ தவறாமல் உண்ணும் வீட்டார் இதற்கு மாற வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஓட்ஸ் வட மாநிலங்களில் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே பயிராகிறது. கடைகளில் நாம் வாங்குவதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருவது. கேழ்வரகை விட்டுவிட்டு அதை நாடுவதற்குச் சத்தின் பெயரால் காரணம் சொல்ல முடியாது. நேரம் ஒன்றுதான் காரணம்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். சாமை அவல், கம்பு அவல், கேழ்வரகு அவல் ஆகியவை இப்போது சிறுதானியக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அவையும் வெந்து தட்டையானவைதாம் என்பதால், இதே முறையில் தயிரும் பாலும் சேர்த்து ஊறவைக்க இயலும்; ஆனால் ஒவ்வொன்றும் நீரை இழுக்கும் அளவும் ஊறும் நேரமும் வெவ்வேறு. பச்சை மாவை அப்படி ஊறவைத்து உண்ணக் கூடாது என்ற எச்சரிக்கையோடு, இவற்றைத் தங்கள் இணைப்பின் சமையல் பகுதியினர் செய்துபார்த்து, கிராம் கணக்கிலும் மணிக் கணக்கிலும் அளவுகளை வெளியிட்டால், ஜவ்வாது மலையில் விளையும் சாமைக்கும் எங்கள் காலைத் தட்டில் ஓர் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.